பறித்த பிறகு அழுகும் பழங்கள்: வெப்பமண்டலப் பழங்களின் பூஞ்சை நோய்களைக் கண்டறிந்து தடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பறிக்கும்போது ஒரு புள்ளிகூட இல்லாத மாங்காய், பழுக்கத் தொடங்கியதும் கறுப்புக் கறுப்பாகத் திட்டு விழுந்து நிற்கும். உடனே பழி பெட்டிமேல் விழும், வண்டிமேல் விழும், பழுக்கவைத்த அறைமேல் விழும். பெரும்பாலும் தப்பு அங்கே இல்லை. அந்தப் பூஞ்சை காய்க்குள் போய் உட்கார்ந்தது பல வாரங்களுக்கு முன், காய் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு மழை நாளில்.

அதனால் எந்த மருந்தைப் போடலாம் என்று யோசிப்பதற்கு முன், பூஞ்சை எப்போது, எந்த வழியாக உள்ளே போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். வழிகள் மூன்று. பிஞ்சிலேயே தோலைத் துளைத்துப் போய்க் காத்திருப்பது ஒன்று. கிளையிலிருந்து காம்பு வழியாக இறங்குவது இன்னொன்று. பறிக்கும்போதும் பிறகும் ஏற்படும் வெட்டு, கீறல், நசுக்கல் வழியாக நுழைவது மூன்றாவது. பழத்தைக் காக்க நாம் செய்யும் எந்த நேர்த்தியும் (கழுவல், வெந்நீர், மருந்து போன்றவை) இந்த மூன்றையும் ஒருசேரத் தடுக்காது. குளோரின் நீரில் கழுவினால் நீரில் மிதக்கும் வித்துகள், அதாவது பூஞ்சையைப் பரப்பும் கண்ணுக்குத் தெரியாத நுண்விதைகள், சாகும். தோலுக்கு அடியில் உறங்குவதை அது தொடாது. குளிர் எதையும் கொல்லாது, தள்ளிப்போடும். வழி தெரியாமல் செலவு செய்தால் பணமும் போகும், பழமும் போகும்.

முதல் படி: எந்த அழுகல் என்று அடையாளம் காணுங்கள்

அழுகிய பழத்தைத் தூக்கி எறியும் முன் ஒரு நிமிடம் பாருங்கள். அழுகல் எங்கே தொடங்கியிருக்கிறது என்பதே முக்கியமான தடயம்.

பழத்தின் பக்கவாட்டில் அங்கங்கே சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகள் தோன்றி, பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, கறுத்து, கொஞ்சம் குழிந்து போனால் அது ஆந்த்ராக்னோஸ். மா, பப்பாளி, அவகாடோ, கொய்யா ஆகியவற்றில் கொலட்டோட்ரைக்கம் குளோஸ்போரியாய்டிஸ் குழுவைச் சேர்ந்த பூஞ்சைகளும், வாழையில் கொலட்டோட்ரைக்கம் மியூசேயும் இதற்குக் காரணம். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் புள்ளியின் நடுவே இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் பிசுபிசுப்பான வித்துத் திரள் கிளம்பும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். மாம்பழத்தில் சில நேரம் காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர்க் கோடு போலக் கறை இறங்கியிருக்கும். மழைநீர் வித்துகளைச் சுமந்து வழிந்த தடம் அது.

இந்தப் பூஞ்சையின் நடத்தையைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. காய்ந்த பூங்கொத்து, பட்ட குச்சி, பழைய இலை ஆகியவற்றில் உருவாகும் வித்துகள் மழைத் துளியோடு தெறித்துக் காயின்மேல் விழும். ஈரம் சில மணி நேரம் காயாமல் இருந்து, வெப்பமும் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் வித்து முளைக்கும். முளைத்ததும் தோலோடு இறுக ஒட்டிக்கொள்ளும் ஓர் உறுப்பை உண்டாக்கி, அதிலிருந்து மெல்லிய முளையை இறக்கி, தோலின் மெழுகுப் படலத்தைத் துளைக்கும். அதோடு நின்றுவிடும். பச்சைக் காயின் தோலில் பூஞ்சையை அடக்கும் இயற்கை வேதிப்பொருள்கள் இருப்பதுதான் காரணம். மாங்காயில் ரிசார்சினால் வகைகள், அவகாடோவில் டையீன் வகைகள். காய் பழுக்கப் பழுக்க இந்தப் பொருள்கள் குறையும், சர்க்கரை கூடும், செல்சுவர் இளகும். பூஞ்சை அப்போதுதான் விழிக்கும். பழுப்பதும் அழுகுவதும் ஒன்றாகவே நடப்பது தற்செயல் இல்லை. பழுப்பதைத் தாமதப்படுத்தும் எதுவும் இந்த நோயையும் தாமதப்படுத்தும்.

காம்பைச் சுற்றி நீர் கோத்தது போல ஒரு வளையம் தோன்றி, கரும்பழுப்பாகி, கீழ்நோக்கி வேகமாகப் படர்ந்தால் அது காம்பு முனை அழுகல். லாசியோடிப்ளோடியா தியோப்ரோமே, நியோஃபுசிகோக்கம், டயாபோர்தே போன்ற பூஞ்சைகளின் வேலை. இவை மரத்தின் கிளைத் திசுக்களில் எந்த அறிகுறியும் காட்டாமல் வாழக்கூடியவை. பூங்கொத்துக் காம்பு வழியாக மெல்ல முன்னேறி, காயின் காம்பு முனையில் வந்து காத்திருக்கும். அறை வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் லாசியோடிப்ளோடியா சில நாள்களிலேயே முழுப் பழத்தையும் கூழாக்கிவிடும். ஆந்த்ராக்னோஸும் காம்பருகே வரலாம் என்பதால் குழப்பம் வந்தால் பழத்தை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். ஆந்த்ராக்னோஸ் தொடக்கத்தில் தோலை ஒட்டியே மேலோட்டமாக இருக்கும். காம்பு முனை அழுகல் நாரோடு சேர்ந்து கொட்டையை நோக்கி ஆழமாக இறங்கியிருக்கும்.

மூன்றாவது கூட்டம் காயத்துக்காகக் காத்திருப்பவை. பப்பாளியும் பலாவும் திடீரென்று தண்ணீராக இளகி, தோல் வழுக்கிக் கழன்று வந்து, மேலே சாம்பல் நிறப் பஞ்சும் அதில் கறுப்புக் குண்டூசித் தலைகளும் தெரிந்தால் அது ரைசோபஸ். இது ஒரு பழத்திலிருந்து தொட்டடுத்த பழத்துக்குத் தாவும். பெட்டிக்குள் ஒரே இடத்தில் ஐந்தாறு பழங்கள் கூட்டாக அழுகியிருந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். கறுப்புத் தூள் உதிர்ந்தால் அஸ்பர்ஜில்லஸ் நைஜர். மாம்பால் வடிந்து தோல் பொசுங்கிய இடங்கள் இதற்கு நல்ல நுழைவழி.

அன்னாசியில் வருவது தைலாவியாப்சிஸ் பாரடாக்சா. வெளியே பழம் நன்றாகவே இருக்கும், அழுத்தினால் உள்ளே தண்ணீராக இருக்கும். பிறகு சதை கறுக்கும். இதே பூஞ்சை கரும்புக் கரணைகளையும் தாக்கும், அப்போது கரும்பிலிருந்து அன்னாசி வாசம் வரும். வாழைச் சீப்பை வெட்டிய அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு ஒரு பூஞ்சையைக் கைகாட்ட முடியாது. கொலட்டோட்ரைக்கம், ஃபியூசேரியம், லாசியோடிப்ளோடியா எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை.

பப்பாளிமேல் மாவு தூவியது போல வெள்ளையாகப் படர்ந்தால் அது பைட்டோப்தோரா பாமிவோராவாக இருக்கலாம். துரியனையும் இது தாக்கும். இது உண்மையான பூஞ்சை இனமே இல்லை, நீர்ப்பூஞ்சை வகை. தியாபெண்டசோல் மாதிரியான வழக்கமான பூஞ்சைக்கொல்லிகள் இதனிடம் பலிக்காது. வகை தெரியாமல் மருந்து தெளித்தவர்கள் ஏமாறும் இடம் இது.

இரண்டாம் படி: மரத்திலேயே வித்துகளைக் குறையுங்கள்

முதல் இரண்டு வழிகளும் தோட்டத்தில் திறப்பவை என்பதால் தடுப்பும் அங்கேதான் தொடங்க வேண்டும். பட்ட குச்சிகள், காய்ந்த பூங்கொத்துகள், மரத்திலேயே வற்றிக் கறுத்துத் தொங்கும் காய்கள் ஆகியவற்றை வெட்டி அப்புறப்படுத்துங்கள். வெட்டிக் கீழேயே போட்டால் அங்கிருந்தும் வித்து தெறிக்கும். உள்கிளைகளைக் கவாத்து செய்து வெளிச்சமும் காற்றும் புகவிட்டால் மழைக்குப் பின் காய் சீக்கிரம் உலரும். ஈரம் நிற்கும் நேரம் குறைந்தாலே தொற்று குறையும். பப்பாளியில் கீழே காய்ந்து தொங்கும் இலைக்காம்புகளையும், வாழையில் காய் நுனியில் ஒட்டியிருக்கும் பூ மிச்சத்தையும் நீக்குங்கள்.

பூக்கும் காலத்திலிருந்து காய் பிடிக்கும் வரை மழை தொடர்ந்தால் தாமிர வகை அல்லது மேங்கோசெப் போன்ற காப்புப் பூஞ்சைக்கொல்லி தேவைப்படும். இவை தோலின்மேல் படிந்து வித்து முளைப்பதைத் தடுப்பவை. உள்ளே போனதைத் துரத்தாது. ஆகவே மழைக்குப் பின் தெளிப்பதைவிட மழைக்கு முன் தெளிப்பதில்தான் பயன் அதிகம். காய்களுக்குக் காகித உறை மாட்டுவது ஆள் வேலை பிடிக்கும். ஆனால் மருந்து இல்லாமல் ஆந்த்ராக்னோஸைக் குறைக்க இதற்கு இணையான வழி குறைவு. அப்புறம் தழைச்சத்து. அளவுக்கு மீறி யூரியா வாங்கிய மரத்தின் பழம் பார்க்கப் பெரிதாக இருக்கும், நோய்க்கும் சுலபமாக இடம் கொடுக்கும்.

மூன்றாம் படி: காயம் படாமல் பறியுங்கள்

மழை பெய்யும்போதும், பனி காயாத விடியலிலும் பறிக்காமல் இருப்பது நல்லது. உலுக்கி விழவைத்த காய் அழகாகத் தெரிந்தாலும் அதைத் தனியாக வையுங்கள், நல்ல காயோடு சேர்க்க வேண்டாம். மண்ணில் உருண்ட காயில் மண்ணோடு ரைசோபஸும் லாசியோடிப்ளோடியாவும் சேர்ந்தே வரும்.

மாங்காயைக் காம்போடு வெட்டி எடுங்கள். சில சென்டிமீட்டர் காம்பு இருந்தால் பால் தெறிக்காது. பிறகு நிழலில் காம்பை ஒட்ட வெட்டி, காயைத் தலைகீழாகக் கம்பி வலைமேல் வைத்துப் பால் வடியவிட வேண்டும். பால் தோலில் பட்டால் பொசுங்கும், பொசுங்கிய இடத்தில் பூஞ்சை ஏறும். வாழைத்தாரிலிருந்து சீப்பு எடுக்கக் கூர்மையான, சுத்தமான கத்தி வேண்டும். பிசிறு பிசிறாக வெட்டிய அடிப்பகுதி முதலில் அழுகும். அடிக்கட்டையை ரொம்பவும் ஒட்ட நறுக்கினால் அழுகல் காய்க்காம்புக்குள் சீக்கிரம் இறங்கிவிடும். அன்னாசியில் வெட்டிய அடிதான் வாசல். தைலாவியாப்சிஸ் அங்கே சில மணி நேரத்தில் குடியேறிவிடும் என்பதால், அனுமதிக்கப்பட்ட மருந்தில் அடியை நனைப்பதானால் பறித்த அரை நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மறுநாள் செய்வது வீண்.

பறித்ததும் நிழல். வெயிலில் கிடக்கும் காயின் உள்வெப்பம் காற்றைவிட அதிகமாக ஏறிவிடும். அதைத் திரும்ப இறக்குவது பெரிய வேலை.

நான்காம் படி: கழுவும் நீரைக் கவனியுங்கள்

தொட்டி நீர் உதவியும் செய்யும், கேடும் செய்யும். நூறு பழம் கழுவிய தொட்டியில் ஒரே ஓர் அழுகல் பழம் இருந்தால் அதன் வித்துகள் மற்ற எல்லாப் பழங்களின் காயங்களிலும் போய்ச் சேரும். நீரில் 100 முதல் 150 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு நீரில் அத்தனை பங்கு) குளோரின் பராமரிப்பது வழக்கம். ஆனால் குளோரின் வேலை செய்ய நீரின் பிஎச் (அமில-கார அளவு) 6.5 முதல் 7.5 வரை இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் குளோரின் மணம் வரும், கொல்லும் திறன் குறைந்திருக்கும். மண்ணும் இலைச்சருகும் பாலும் குளோரினைத் தின்றுவிடும். காலையில் ஒருமுறை ஊற்றிவிட்டு மாலை வரை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. சோதனைத் தாளால் அடிக்கடி பார்த்து, நீர் கலங்கியதும் மாற்றுங்கள். பிஎச்சைக் குறைக்க அமிலம் சேர்ப்பவர்கள் கவனிக்க: குளோரின் கரைசலில் அமிலத்தை மொத்தமாகக் கொட்டினால் நச்சு வாயு கிளம்பும். காற்றோட்டமான இடத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, அளந்துதான் சேர்க்க வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று, நீரின் சூடு. வெயிலில் சூடேறிய காயைச் சில்லென்ற நீரில் போட்டால் காய்க்குள் இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் காம்புத் துளை வழியாக நீரும், நீரோடு வித்துகளும் உள்ளே போகும். கழுவும் நீர் காயின் உள்வெப்பத்தைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக இருப்பதே பாதுகாப்பு.

ஐந்தாம் படி: வெந்நீர் நேர்த்தி

தோலுக்கு அடியில் உறங்கும் ஆந்த்ராக்னோஸை எட்டிப் பிடிக்க, மருந்தில்லாத நல்ல வழி இதுதான். பூஞ்சை சில செல் அடுக்குகளுக்கு மேல் ஆழம் போயிருக்காது. வெப்பம் அந்த ஆழம் வரை இறங்கிப் பூஞ்சையைக் கொன்றுவிட்டால் போதும், சதை வேகாது. மாம்பழத்துக்கு 52 டிகிரி நீரில் 5 முதல் 10 நிமிடம், பப்பாளிக்கு 48–49 டிகிரியில் 20 நிமிடம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு.

இடைவெளி மெல்லியது. இரண்டு டிகிரி குறைந்தால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். இரண்டு டிகிரி கூடினால் தோல் வெந்து, நீங்களே புதுக் காயம் உண்டாக்கியது போலாகும். கையை விட்டுப் பார்த்துச் சூடு சொல்லும் வேலை இங்கே ஆகாது. நம்பகமான வெப்பமானி, நீரைச் சுழலவைக்கும் பம்ப், காயைப் போட்டதும் சூடு சட்டென்று இறங்காத அளவுக்கு நிறைய நீர், இந்த மூன்றும் இல்லாவிட்டால் இறங்காதீர்கள். முற்றாத காய் வெந்நீரைத் தாங்காது. ரகத்துக்கு ரகம் தாங்கும் அளவு மாறும் என்பதால் ஒரு சிறு கூடையில் சோதித்துப் பாருங்கள். தோல் வெந்ததா என்பது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியும்.

பழ ஈப் புழுவுக்காக ஏற்றுமதி மாம்பழத்துக்குச் செய்யும் வெந்நீர் நேர்த்தி வேறு. அமெரிக்கா கேட்கும் அளவு 46.1 டிகிரியில் பழத்தின் எடையைப் பொறுத்து 65 முதல் 110 நிமிடம். அது சதைக்குள் இருக்கும் புழுவைக் கொல்ல. இரண்டையும் குழப்பி, 52 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் கிடைப்பது வெந்த மாம்பழம். காம்பு முனை அழுகல் ஆழத்தில் இருப்பதால் வெந்நீருக்கு அவ்வளவாக அடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: மருந்து தேவையா என்று யோசியுங்கள்

அறுவடைக்குப் பின் பயன்படும் பூஞ்சைக்கொல்லிகள் சில: தியாபெண்டசோல், இமசாலில், புரோகுளோராஸ், அசாக்சிஸ்ட்ரோபின், ஃப்ளூடியாக்சோனில். எந்தப் பழத்துக்கு எது, எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு சட்டப்படி மாறும். விளையும் நாட்டின் அனுமதி மட்டும் போதாது, விற்கும் நாட்டின் எச்ச வரம்பையும், அதாவது பழத்தில் எவ்வளவு மருந்து மிஞ்சியிருக்கலாம் என்ற அளவையும், பார்க்க வேண்டும். லேபிளில் அந்தப் பழத்தின் பெயர் இல்லையென்றால் தொடாதீர்கள். ஒரு காலத்தில் வெந்நீரோடு பெனோமில் கலந்து முக்குவதுதான் மாம்பழத்துக்குப் பிரபலமான நேர்த்தி. 2001-இல் அதைத் தயாரித்த நிறுவனமே விற்பனையை நிறுத்த முடிவெடுத்தது. மருந்துகளை நம்பி முறையை வகுத்தால் இப்படி ஒருநாள் கால்வாரும்.

பெனோமில், தியாபெண்டசோல் வகைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இவை பூஞ்சையின் டியூபுலின் என்ற ஒரே புரதத்தைத்தான் குறிவைக்கும். ஒரே ஒரு மரபணு மாற்றத்தில் பூஞ்சை தப்பித்துவிடும். தோட்டத்தில் அடித்த அதே வகையைப் பறித்த பிறகும் பயன்படுத்தினால் தப்பித்தவற்றை நாமே பொறுக்கி வளர்ப்பதாக ஆகும். வகையை மாற்றிப் பயன்படுத்துங்கள்.

கைட்டோசான் பூச்சு, சோடியம் பைகார்பனேட், பேசில்லஸ் பாக்டீரியா, பூஞ்சையை எதிர்க்கும் ஈஸ்ட் போன்றவை பற்றி நிறைய ஆய்வுகள் உள்ளன. காயத்தைக் காப்பதில் இவை உதவும். ஏற்கெனவே தோலுக்குள் உறங்குவதைத் தனியாக அடக்கும் என்று எதிர்பார்ப்பது அதிகம். வெந்நீருக்குப் பின் துணையாகச் சேர்த்தால் பொருத்தம்.

ஏழாம் படி: குளிர், அளவோடு

ரைசோபஸ் 5 டிகிரிக்குக் கீழே வளராது. அப்படியானால் பழத்தை அந்தக் குளிரில் வைத்துவிடலாமே என்று தோன்றும். வெப்பமண்டலப் பழங்களுக்கு அது முடியாது. வாழை 13–14 டிகிரிக்குக் கீழே போனால் தோல் மங்கிக் கறுக்கும். முற்றிய மாங்காய்க்கு 12–13, பப்பாளிக்குப் பழுத்த அளவைப் பொறுத்து 10–13, அன்னாசிக்கு 7–12 டிகிரி. அதற்குக் கீழே இறக்கினால் தோலில் குழி விழும், சுவை வராது, காயின் தற்காப்பும் குலையும். வெளியே எடுத்ததும் பூஞ்சை இரட்டை வேகத்தில் வரும். குளிர்க் கிடங்கில் நன்றாக இருந்து கடைக்குப் போனதும் அழுகும் பழத்தின் கதை பல நேரம் இதுதான்.

குளிர்ப்பதற்கு முன் பழத்தின் மேல் ஈரத்தை உலர்த்துங்கள். பையில் போட்டு மூடினால் உள்ளே வியர்க்காதபடி துளைகள் இருக்கட்டும்.

எட்டாம் படி: பழுக்கவைக்கும் அறை

மாம்பழத்தை 20 முதல் 22 டிகிரியில் பழுக்கவைத்தால் நிறமும் சுவையும் வரும், காம்பு முனை அழுகலின் வேகமும் மட்டுப்படும். வாழைக்கு 14–18 டிகிரி. 30 டிகிரிக்கு மேல் போன மூடிய அறை பூஞ்சைக்குத்தான் விருந்து. எத்திலீன் வாயுவை அளவோடு கொடுத்துச் சீராகப் பழுக்கவைப்பதில் ஒரு நன்மை உண்டு: எல்லாப் பழமும் ஒரே சமயத்தில் தயாராவதால், பழுத்தது பழுக்காததற்காகக் காத்திருந்து அழுகுவது குறையும். அழுகும் பழம் தானும் எத்திலீனை வெளிவிட்டுப் பக்கத்துப் பழங்களை அவசரமாகப் பழுக்கவைக்கும். தினமும் பார்த்துப் பொறுக்கி எடுங்கள். எடுத்ததை அறையின் மூலையில் குவிக்காமல் வெளியே கொண்டுபோங்கள். பெட்டிகளையும் கழுவிக் காயவையுங்கள்.

சாப்பிடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். பஞ்சு பூத்த, நீராக இளகிய, புளித்த வாடை அடிக்கும் பழத்தை அப்படியே கழித்துவிடுங்கள். மென்மையான சதையில் பூஞ்சை இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியே போயிருக்கும், சில பூஞ்சைகள் நச்சும் உண்டாக்கும், காய்ச்சினாலும் எல்லா நச்சும் போகாது. ஜூசுக்கு ஆகும் என்று ஒதுக்கி வைப்பதும் அதே தவறுதான்.

ஒன்பதாம் படி: மாதிரி வைத்துப் பாருங்கள்

ஒவ்வொரு அறுவடையிலும் ஐம்பது பழங்களை எந்த நேர்த்தியும் செய்யாமல் எடுத்து, கொஞ்சம் ஈரப்பதமான, 25 டிகிரி அளவுள்ள இடத்தில் ஒன்றையொன்று தொடாமல் பழுக்கவிடுங்கள். தினமும் எத்தனை அழுகியது, அழுகல் எங்கே தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் எந்தப் பகுதி, பூக்கும்போது மழை இருந்ததா, யார் பறித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பக்கவாட்டுப் புள்ளிகள் அதிகமென்றால் அந்த அறுவடையைத் தூரச் சந்தைக்கு அனுப்பாமல் வெந்நீர் காட்டி அருகிலேயே சீக்கிரம் விற்றுவிடலாம். அடுத்த பருவத்தில் பூக்கால மருந்தைச் சரிபார்க்கலாம். காம்பில் தொடங்கியது அதிகமென்றால் கவாத்து போதவில்லை. மாதிரிப் பழங்கள் நன்றாக இருந்து, அனுப்பிய பெட்டிகள் மட்டும் அழுகி வந்தால் கழுவும் தொட்டியிலிருந்து வண்டி வரை ஒவ்வொரு கையாக நடந்து பார்க்க வேண்டும். காயம் அங்கேதான் எங்கோ விழுகிறது.